பி.எஸ்சி. கணிதம், இயற்பியல்: ரெண்டு கல்லூரியில எதைன்னு எப்படிப் பார்க்கிறது?

[திரை: பாம்பன் பாலத்தைக் கடக்கும் பேருந்து]

வணக்கம். விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி முதல்ல கேட்க வேண்டியது, கல்லூரி தன்னாட்சியா (பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் கல்லூரியே போடுறது) இல்லையாங்கிறதுதான்.

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக இணைப்புல இருக்கு. தன்னாட்சி இல்லைன்னா பாடத்திட்டமும் ஒண்ணு, வினாத்தாளும் ஒண்ணு. அங்க சிலபஸை ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. நேர்ல போய்க் கேளுங்க: துறையில எத்தனை ஆசிரியர், அதுல கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியர் எத்தனை பேர்? இயற்பியல்னா, ஆய்வகத்துல ஒளியை அளக்குற ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரை எத்தனை பேர் சேர்ந்து பயன்படுத்துறாங்க? ஆறு பேர் நின்னா ரெண்டு பேர்தான் ரீடிங் எடுப்பாங்க, மத்தவங்க நோட்டைப் பார்த்து எழுதுவாங்க. அப்புறம் பஸ். ராமேஸ்வரத்துலருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் பக்கம். மாலை ஷிப்ட்ல இடம் கிடைச்சா வீடு திரும்புற நேரத்தை முதல்லயே கணக்குப் போடுங்க.

மதுரையில அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் மாதிரி தன்னாட்சிக் கல்லூரிகள்ல கதை வேற. அங்க பாடத்திட்டம் ஒவ்வொண்ணும் தனி.

[திரை: ரெண்டு பாடத்திட்டங்கள் அருகருகே]

பி.டி.எஃப். இறக்கினதும் எந்த ஆண்டுச் சேர்க்கைக்குன்னு பாருங்க. பழசு இணையத்துல அப்படியே கிடக்கும். வாரத்துக்கு 30 மணி நேரம். முதல் ரெண்டு வருஷம் வழக்கமா தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6 போயிரும். மிச்சத்துலதான் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப்பாடம்) எல்லாம்.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போற எண்ணம் இருந்தா, கணிதத்துல ரியல் அனாலிசிஸ், குரூப் தியரி, லீனியர் அல்ஜீப்ரா மூணும் எந்த செமஸ்டர்ல வருதுன்னு குறிச்சுக்கங்க. அந்த எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத்தேர்வு பிப்ரவரியில. லீனியர் அல்ஜீப்ராவை ஆறாவது செமஸ்டர்ல வச்சிருந்தா, பாதி நடத்துறதுக்குள்ள தேர்வு வந்துரும். மீதியைச் சொந்தமாப் படிக்கணும்.

எலக்டிவ், அதாவது விருப்பப்பாடப் பட்டியலை அப்படியே நம்பிடாதீங்க. அச்சுல ஆறு இருக்கும், வகுப்புல ஒண்ணுதான் நடக்கும். 'போன வருஷம் எது நடந்துச்சு?'ன்னு மூணாம் வருஷப் பசங்ககிட்ட கேட்டா உண்மை தெரியும்.

பிளஸ் டூ முடிச்சதும் சேரக்கூடிய ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் பத்தி ஒண்ணு. அதோட நுழைவுத்தேர்வுல உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் தலா 15 கேள்வி. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவங்க உயிரியலுக்குத் தனியா உழைக்கணும். இதுக்கும் சிறுசேரியில இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனத்துக்கும் பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தா விண்ணப்பத் தேதி போயிரும்.

கடைசியா, பட்டத்தோட பேர். அரசு வேலை, ஆசிரியர் வேலைன்னு வரும்போது வழக்கமான பேர்ல இல்லாத பட்டத்துக்கு 'இணையான பட்டம்'னு அரசாணை கேட்பாங்க. கவர்ச்சியான புதுப்பேர் இருந்தா, அந்த அரசாணை எண்ணை அலுவலகத்துல கேட்டு வாங்கிட்டுப் பணம் கட்டுங்க.