எண்ணெயை விடுங்கள், சீனியைப் பிடியுங்கள்!

நடுவர் அவர்களே, ஹட்டன் மக்களே, வணக்கம்.

'நம் உடம்பை அதிகம் கெடுப்பது எண்ணெயா, சீனியா?' என்பது தலைப்பு. எண்ணெய்தான் என்று பேசிய அண்ணன் வடையைத் திட்டித் தீர்த்தார். சரி அண்ணே, அந்த வடைக்கு மேல் என்ன குடித்தீர்கள்? மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி!

ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சீனி. மூன்று கரண்டி வீதம் நாளைக்கு நாலு கோப்பை குடித்தால் 48 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமே உச்சம், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. தேத்தண்ணியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சோடாவும் இன்னும் வாய்க்கே வரவில்லை.

கவ்வாத்துக் கத்தி பட்ட விரல் சிவந்து வீங்குகிறதே, அது அழற்சி. காயத்தை ஆற்ற உடம்பு செய்யும் வேலை, ஆறியதும் அடங்கிவிடும். அளவு மீறிய சீனியால் வருவது வேறு ரகம், வலியும் இல்லை, வீக்கமும் தெரியாது. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸை முக்கியமாகக் கையாள்வது ஈரல். அளவுக்கு மேல் வந்தால் அதைக் கொழுப்பாக்கி, ஈரல் தனக்குள்ளும் சேர்த்துக்கொள்ளும். சாப்பாடு கூடக் கூட வயிற்றுக்குள்ளும் கொழுப்பு ஏறும். அந்தக் கொழுப்பு சும்மா கிடக்காது. அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் சீனியைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது. அப்புறம் சீனி வருத்தம், இதய நோய். அண்ணன் எண்ணெய் மேல் போட்ட கொழுப்புப் பழியில் பாதி சீனிக்குச் சேர வேண்டியது!

'மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு எல்லாம் எரிந்துவிடும்' என்றார் எதிரணித் தங்கை. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குக் கொஞ்சம் எரியும், ஒத்துக்கொள்கிறேன். லயத்துத் திண்ணையில் போனும் சோடாவுமாக உட்கார்ந்திருக்கும் மகனுக்கு எது எரியும்? அம்மாவுக்கும் பல் இருக்கிறது. பல்லில் சீனியைத் தின்று அமிலம் விடும் கிருமிக்கு அவர் எத்தனை மலை ஏறினார் என்ற கவலை இல்லை.

இலங்கையில் 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கொண்டுவந்தபோது அளந்தது எதை? சீனியை!

எண்ணெய்க்காவது ஒரு வேலை உண்டு. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத சில கொழுப்பு அமிலங்கள் அதில் இருக்கின்றன. ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். குளுக்கோஸ் வேண்டுமானால் சோறும் ரொட்டியும் தரும். அடுத்து வரும் எதிரணி அக்கா, மேலே அள்ளிப் போடும் சீனி உடம்புக்குக் கட்டாயம் தேவை என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லட்டும், நடுவர் அவர்களே.