யுபிஐ முகவரியின் வால்

வணக்கம். இந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் போன்பே அல்லது கூகுள் பே செயலியைத் திறந்து, அதில் உள்ள யுபிஐ முகவரியைப் பாருங்கள். அட் குறிக்குப் பின்னால் ஒரு சிறிய வால் இருக்கும். இதோ, என் போன்பே முகவரியில் அது ஒய்பிஎல், அதாவது யெஸ் பேங்க் லிமிடெட். எனக்கு அந்த வங்கியில் கணக்கே கிடையாது. பின்னே அதன் பெயர் என் முகவரியில் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

யுபிஐ வலையமைப்பை நடத்துவது என்பிசிஐ, அதாவது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். செயலி நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் அந்த வலையமைப்புக்குள் தானாக நுழைய முடியாது; ஏதாவது ஒரு வங்கியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். டீக்கடையில் 15 ரூபாய்க்கு நான் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால், என் கோரிக்கை செயலியிலிருந்து அந்தத் துணை வங்கிக்கும், அங்கிருந்து என்பிசிஐயின் சுவிட்சுக்கும், அதாவது வங்கிகளுக்கிடையே கோரிக்கைகளைத் திருப்பிவிடும் மையக் கணினி அமைப்புக்கும், போகிறது. பிறகு என் வங்கி பணத்தைக் கழிக்கிறது, கடைக்காரரின் வங்கி வரவு வைக்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடையின் ஒலிப்பெட்டி வாய் திறக்காது.

அப்படி ஒரு கண்ணி 2020 மார்ச் 5 அன்று இரவு அறுந்தது. வாராக்கடனில் தத்தளித்த யெஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, வாடிக்கையாளர்கள் எடுக்கக்கூடிய தொகையை 50,000 ரூபாயாகக் குறைத்தது. போன்பே அப்போது யுபிஐக்கு யெஸ் வங்கி ஒன்றையே நம்பியிருந்ததால், பாரத ஸ்டேட் வங்கியில் கணக்கு வைத்திருந்தவரும்கூட அந்தச் செயலி வழியாகப் பணம் அனுப்ப முடியாமல் போனது. அவருடைய வங்கியும் நன்றாக இருந்தது, செயலியின் மென்பொருளும் நன்றாக இருந்தது; நடுவில் இருந்த, அவர் அறியாத ஒரு வங்கிதான் முடங்கியிருந்தது. போன்பே அவசரமாக ஐசிஐசிஐ வங்கியோடு கைகோத்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சேவையை மீட்டது. ஐபிஎல் என்ற வாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது (கிரிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை).

கூகுள் பே இந்த அடியிலிருந்து தப்பியது. அது 2017இல் தேஸ் என்ற பெயரில் தொடங்கியபோதே ஸ்டேட் வங்கி, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் என நான்கு வங்கிகளோடு சேர்ந்துகொண்டது. நான்கு வங்கிகளோடு மென்பொருளை இணைப்பதும், நான்கு இடங்களில் கணக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதும், புகார் வந்தால் யார் பொறுப்பு என்று பேசித் தீர்ப்பதும் செலவு பிடிக்கும் வேலைகள். என் பார்வையில் போன்பே ஒரே வங்கியோடு நின்றதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஒரே கூட்டாளியோடு வேலை வேகமாக நடக்கும், அந்த வேகம்தான் அதை வளர்த்தது. ஆனால் அந்த வேகத்துக்கான விலையை ஒரே இரவில் கொடுக்க வேண்டியிருந்தது.

2024இல், பேடிஎம் செயலி அதுவரை சார்ந்திருந்த பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது, பேடிஎம் செயலி யுபிஐயில் தொடர்வதற்கு என்பிசிஐ பல்வங்கி முறையில் அனுமதி தந்தது. ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, ஸ்டேட் வங்கி ஆகியவற்றோடு நான்காவதாக நின்றது யார் தெரியுமா? அதே யெஸ் வங்கிதான். பழைய பேடிஎம் முகவரிகளும் அதன் பக்கமே திருப்பி விடப்பட்டன.

வங்கிகளை நான்காக்கலாம், சுவிட்ச் ஒன்றுதான். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுவதும் தடுமாறியதற்கு, சில வங்கிகள் முடிவு தெரியாத பரிவர்த்தனைகளின் நிலையை ஓயாமல் கேட்டுச் சுவிட்சை மூச்சுத் திணற வைத்தது ஒரு காரணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் நியாயமானதே. அதன் பிறகு அத்தகைய கேள்விகளுக்கு என்பிசிஐ வரம்பு வைத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்கவும் முடியாது.

இந்தச் சின்ன விதி சட்டென்று நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனைகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அதே என்பிசிஐ 2020இல் போட்ட பெரிய விதியோ, தவணை மேல் தவணையாக 2026 டிசம்பர் 31 வரை தள்ளிப்போயிருக்கிறது. போன்பேயிடமும் கூகுள் பேயிடமும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருக்கும்போது, அவர்களுடைய வாடிக்கையாளர்களை எந்தச் செயலிக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் விடை சொல்லவில்லை.