கப்பலில் நூலகம் இன்னும் வேண்டுமா? அப்புத்தளையில் இருந்து பேசுகிறேன்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு அப்புத்தளையில் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, ஒலிவாங்கியில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மப்பு இல்லாத காலையில் இங்கே லிப்டன் சீட் வரை ஏறினால் தெற்குக் கடற்கரை வரைக்கும் தெரியும். உலகத்தில் கப்பல் போக்குவரத்து மிக அதிகமான பாதைகளில் ஒன்று அந்தக் கடல் வழியாகத்தான் போகிறது. அதனால் மலையில் நின்று கப்பலைப் பற்றிப் பேசுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் மலையகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்குச் சொகுசுப் பயணக் கப்பல்களில் அறை சுத்தம் செய்கிறார்கள், சாப்பாடு பரிமாறுகிறார்கள், சமையலறையில் நிற்கிறார்கள். நானும் அப்படி ஒரு கப்பலில் வேலை செய்துவிட்டு வந்தவன்தான்.

விஷயம் இதுதான். பயணக் கப்பல்களில் நூலகம் என்று ஒரு அறை இருக்கும். இப்போது பல புதிய கப்பல்களில் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. சிலவற்றில் ஒரு மூலையில் இரண்டு தட்டு மட்டும். அதுவும் வேண்டுமா, போன் இருக்கும்போது புத்தக அலுமாரி எதற்கு என்று கேட்கிறார்கள். வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் நான் சொல்லும் காரணம் பயணிகளை மட்டும் பற்றியது இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பழைய கதை. விமானம் இல்லாத காலத்தில் கடலைத் தாண்ட நாட்கணக்கில் ஆகும். சீட்டாட்டம், இசை, சாப்பாடு, அது முடிந்தால் வாசிப்பு. 1912 இல் போன டைட்டானிக்கில் முதல் வகுப்புக்கு வாசிக்கவும் எழுதவும் தனி அறை இருந்தது. இரண்டாம் வகுப்புக்கு நூலகம் இருந்தது. மூன்றாம் வகுப்புக்குப் பொதுவான ஒரு கூடம்தான். நூலகம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் நூலகத்தைப் பெருமையாக வைத்திருக்கும் கப்பல் என்றால் குயீன் மேரி 2 தான். 2004 இல் சேவைக்கு வந்தது. கடலில் ஓடும் நூலகங்களிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது, சுமார் எட்டாயிரம் புத்தகங்கள். எட்டாவது தளத்தில், கப்பலின் முன்பக்கத்தில் இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டே முன்னால் கடல் விரிவதைப் பார்க்கலாம். சவுத்தம்டனில் இருந்து நியூயோர்க் போக வழக்கமாக ஏழு இரவு. நடுவில் துறைமுகமே இல்லை. அப்படிப்பட்ட பயணத்தில் அந்த அறை நிறைந்துதான் இருக்கும். வைக்கிங் கம்பனியும் தன் கடல் கப்பல்களுக்கு லண்டனில் இருக்கும் ஹேவுட் ஹில் என்ற புத்தகக் கடை மூலம் நூல்களைத் தெரிவு செய்து வைக்கிறது. ஆக, மனம் இருக்கும் கம்பனிக்கு வழியும் இருக்கிறது.

மற்றக் கம்பனிகளின் நியாயத்தையும் பார்ப்போம். கப்பலில் ஒவ்வொரு சதுர அடியும் காசு. அதே இடத்தில் கோப்பிக் கடை போட்டால் வருமானம், சூதாட்ட மேசை போட்டால் இன்னும் வருமானம். புத்தக அலுமாரி ஒரு சதமும் தராது. பயணிகளில் நிறையப் பேர் நூற்றுக்கணக்கான நூல்களைக் கையடக்கக் கருவியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 2022 ஓகஸ்டில் ரோயல் கரீபியன் தன் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் போடுவதாக அறிவித்த பிறகு, நடுக்கடலில் வீடியோ பார்ப்பதும் பெரிய காரியம் இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் தொற்று. கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் பலர் கைபடும் பொருட்களை எடுத்துவிடுவார்கள், நூலகக் கதவும் பூட்டப்படும். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பயம் கூடியிருக்கிறது. இவை எல்லாமே உண்மையான காரணங்கள்.

ஆனாலும் பயணிகள் பக்கத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறியதும் கையில் ஒரு அட்டை தருவார்கள். அறைத் திறப்பும் அதுதான், காசும் அதுதான். எங்கே திரும்பினாலும் அந்த அட்டையை நீட்டச் சொல்லும் ஒரு மேசை இருக்கும். குடிவகை, படம் பிடித்துத் தருவது, மசாஜ், நகைக் கடை. நூலகத்துக்குள் யாரும் எதையும் விற்க வரமாட்டார்கள். வயது போனவர்கள், தனியாக வந்தவர்கள், மேலே நீச்சல் குளத்துப் பாட்டுச் சத்தம் தாங்காதவர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து உட்காருவார்கள். புத்தகத்தைத் திறக்காமல் கடிதம் எழுதிக்கொண்டும், வெட்டிய படத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டும் இருப்பார்கள். அந்த அமைதிக்காகவே அந்த அறையை வைக்கலாம்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

கப்பலில் பயணிகள் ஒரு வாரம், இரண்டு வாரம் இருப்பார்கள். ஊழியர்கள் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று இருப்பார்கள். யாருக்கு நூலகம் அதிகம் தேவை? நாங்கள் தூங்கியது கீழ்த் தளத்தில், ஜன்னல் இல்லாத கேபினில். மேலும் கீழுமாக இரண்டு கட்டில். நான் வேலை முடித்து வரும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார், விளக்குப் போட முடியாது. சாப்பாட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி எந்நேரமும் சத்தமாக ஓடும். ஊழியர்களுக்கான மதுச்சாலையில் பாட்டு. மேல் தளத்தில் பயணிகள் நூலகம் இருந்தது, அழகான கண்ணாடிக் கதவு, கப்பல் ஆடினாலும் புத்தகம் விழாமல் ஒவ்வொரு தட்டிலும் முன்னால் ஒரு சட்டம். தூசி துடைக்க அனுமதி உண்டு. உட்கார்ந்து வாசிக்க அனுமதி இல்லை. எங்களுக்கென்று இருந்தது சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு தட்டு. பயணிகள் விட்டுப் போன துப்பறியும் நாவல்கள், ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும். தமிழில் ஒன்று கூட இல்லை, சிங்களத்திலும் இல்லை.

எல்லாக் கப்பலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சில கப்பல்களில் ஊழியர்களுக்கென்று நல்ல வாசிப்பு அறை, கணினி, பயிற்சி வகுப்பு எல்லாம் இருப்பதை அங்கே வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பேசுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாகக் கப்பலுக்குப் போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயம் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, எம்.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மாலுமிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கப்பலில் அறை சுத்தம் செய்பவரும் பரிமாறுபவரும் அதன்படி கடலோடிகள்தான். அதில் ஓய்வு வசதிகள் பற்றிய பகுதியில் குறைந்தபட்சம் ஒரு புத்தக அலுமாரியும் வாசிக்க எழுத வசதியும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. முடிந்த இடத்தில் ஒரு நூலகம், தொழில் சார்ந்த நூல்களும் மற்ற நூல்களும், பயணம் முடியும்வரை போதுமான அளவில், நியாயமான இடைவெளியில் புத்தகங்களை மாற்றி, ஊழியரிடம் காசு வாங்காமல். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. குறை என்னவென்றால் இது வழிகாட்டல் பகுதியில் இருக்கிறது. கட்டாயப் பகுதியில் இல்லை. அதனால் ஒரு தட்டு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று ஒரு கம்பனி இருந்துவிட முடிகிறது.

தொழில் சார்ந்த நூல்கள் என்ற அந்த வரி எனக்கு மிகவும் முக்கியம். பண்டாரவளையிலும் கண்டியிலும் ஹோட்டல் பாடசாலை இருக்கிறது. அங்கே படித்துவிட்டுப் போகும் நம் பிள்ளை உதவிப் பரிமாறுபவராகச் சேர்கிறார். அடுத்த படிக்குப் போக வைன் பற்றித் தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், ஆங்கிலம் இன்னும் திருத்தமாக வேண்டும். படிக்க ஒரு மேசையும் விளக்கும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று ஒப்பந்தம் முடிந்தும் அதே இடத்தில்தான் நிற்பார். அப்படி நின்றவர்களை எனக்குத் தெரியும், திறமை இல்லாதவர்கள் இல்லை அவர்கள்.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. பிரித்தானியாவில் 1919 இல் அல்பர்ட் மான்ஸ்பிரிஜ் என்பவர் கடலோடிகள் கல்விச் சேவையைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1921 இல் வணிகக் கப்பல் ஊழியர்களுக்கான நூலகச் சங்கம் வந்தது. சரக்குக் கப்பல்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொடுப்பதுதான் இவர்களின் வேலை. அவ்வளவு சிறிய சரக்குக் கப்பலுக்கு நூறு வருடத்துக்கு முன்னால் முடிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் இன்றைய மிதக்கும் ஹோட்டலுக்கு முடியாதா?

இங்கே கமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன். இந்தப் பாதை அடிசம் பங்களாவுக்குப் போகிறது. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931 இல் கட்டி முடித்த வீடு, இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். உள்ளே அவருடைய நூலகத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கப்பலில் வந்த துரைமார் புத்தகங்களையும் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர்களும் கடல் தாண்டித்தான் வந்தார்கள், மன்னாரில் இருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து. 2023 இல் அவர்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து மலையகம் 200 என்று அந்தப் பாதையில் நம் ஆட்கள் மறுபடி நடந்தார்கள், நினைவிருக்கும். அன்றைக்கு வந்த முன்னோர்கள் கையில் புத்தகம் இல்லை. துரை பங்களாவுக்குள் நம்மவர்கள் போனது சமைக்கவும் கூட்டவும் துடைக்கவும்தான். பிறகு தோட்டங்களில் இளைஞர்கள் சேர்ந்து வாசிகசாலை போட்டார்கள். நாலு தகரம், ஒரு மேசை, ஒரு வீரகேசரி. வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார், சுற்றி நின்று பத்துப் பேர் கேட்பார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை என்ன ஆனது, குடியுரிமை என்ன ஆனது என்று லயத்து ஆட்கள் தெரிந்துகொண்டது அப்படி. கப்பலின் மேல் தளத்துக் கண்ணாடிக் கதவைத் துடைத்தபோது எனக்கு இதெல்லாம் தோன்றியது. கோபம்தான் வந்தது, மறைக்க ஒன்றும் இல்லை.

இப்போது இன்டர்நெட் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான், நல்ல மாற்றம். எம்.எல்.சி.யில் செய்த திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி நியாயமாக முடிந்த அளவுக்கு ஊழியர்களுக்கு இணைய வசதி கொடுக்க வேண்டும், காசு வாங்கினால் அதுவும் நியாயமான அளவில் இருக்க வேண்டும். வீட்டாரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விடப் பெரிய மருந்து கப்பலில் கிடையாது. அதை நூலகத்துக்கு எதிராக வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்தவர் கட்டிலில் படுத்துப் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் தூக்கமும் போகும், மனமும் ஆறாது. உட்கார ஒரு கதிரை, மற்ற நாட்டு நண்பரோடு மெதுவாகப் பேச ஒரு மூலை, அதை வைஃபை தராது. போனில் வாசிக்க விரும்புபவரும் அந்த அறையில் வந்து உட்காரட்டுமே. நூலகம் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது, அதன் இணையத்தளத்தில் 2005 இல் இருந்து ஈழத்து, மலையகத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போகுமுன் தரையில் வைத்தே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், கடலில் வேகம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

கம்பனிகளிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. பயணிகள் நூலகத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை, மூடாதீர்கள். எடுத்துக் கழிக்கும் புத்தகங்களைக் குப்பையில் போடாமல் கீழ்த் தளத்துக்கு அனுப்புங்கள். பயணிகள் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றப் போகும் பகல் நேரத்திலாவது அந்த மேல் தளத்து அறையை ஊழியர்களுக்குத் திறந்துவிடுங்கள். யாருக்கும் ஒரு டொலர் நட்டம் இல்லை.

நம் பக்கத்தில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளம், விடுமுறை கேட்கும்போது ஊழியர்களுக்கு நூலகம் இருக்கிறதா, பயிற்சி நூல்கள் இருக்கிறதா என்றும் முகவரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். பையில் இரண்டு தமிழ்ப் புத்தகம் வையுங்கள், எடை குறைவாக இருக்கட்டும். இறங்கும்போது அந்தத் தட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். துறைமுகங்களில் கடலோடிகளுக்கான மையங்கள் இருக்கும், மிஷன் டு சீஃபேரர்ஸ், ஸ்டெல்லா மாரிஸ் போன்றவை நடத்துபவை. கரைக்குப் போக நேரம் கிடைத்தால் அங்கேயும் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கப்பலில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால், உங்கள் கப்பலில் ஊழியர்களுக்கான தட்டில் என்னென்ன மொழியில் புத்தகம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். கப்பலின் பெயர் சொல்ல வேண்டாம், வேலைக்குப் பிரச்சினை வரக்கூடாது. வந்த பதில்களை வைத்து அடுத்த வீடியோ செய்கிறேன்.