ஒரு புள்ளி போச்சு, கை அக்குள் ஆச்சு! திருவாதிரையின் இன்னொரு பெயர்

வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் பெயருக்கு "அக்குள்" என்று பொருள் சொல்கிறார்கள். நம்புவீர்களா? அதே நட்சத்திரத்தின் பேரில்தான் நாம் மார்கழியில் களி கிண்டுகிறோம். ஆமாம், திருவாதிரையேதான்! உலகம் அதை பீட்டல்ஜூஸ் என்கிறது. ஜூஸ் கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மூலம் அரபி.

(திரையில்: ஓரியன். நடுவில் மூன்று நட்சத்திரம், மேலே ஒரு சிவப்புப் புள்ளி)

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம். கிரேக்க மொழியில் எழுதிய பழங்கால வானியலாளர் தாலமி, ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தில் இதை "வலது தோளில் உள்ள செந்நிற நட்சத்திரம்" என்ற மாதிரி குறித்துவைத்தார். தனிப் பெயர் தரவில்லை. அரபிகள் அங்கே அல்-ஜவ்ஸா என்ற பெண்ணைப் பார்த்தார்கள். இது அவளுடைய கை, யத் அல்-ஜவ்ஸா. அரபி நூல்கள் ஸ்பெயின் வழியாக லத்தீனுக்குப் போயின. அவ்வளவுதான்.

இனிமேல்தான் கூத்து.

(திரையில்: இரண்டு அரபி எழுத்துகள், பெரிதாக)

உற்றுப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ய' வந்தால் ஒரு சின்ன மேடு, அதன் கீழே இரண்டு புள்ளி. 'ப' வந்தாலும் அதே மேடுதான், கீழே ஒரே புள்ளி. யாரோ ஒருவர் கண்ணில் ஒரு புள்ளி படவில்லை. "யத்" போய் "பத்" ஆனது. லத்தீனில் "பெதல்கெவுசே" மாதிரி எழுதிவைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். நம்ம ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும். நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்தால், அந்த லத்தீன்காரரை எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

ஆனால் பிறகு வந்த அறிஞர்களைத் திட்டலாம். மறுமலர்ச்சிக் காலத்தில் அவர்கள், இந்த "பத்" என்ன என்று மண்டையைக் குடைந்து, அது "பட்", அதாவது அக்குள் என்று முடிவுகட்டினார்கள். பெயரில் இன்று நாம் சொல்லும் 'ட' அப்படி நுழைந்ததுதான். இதில் கொடுமை என்னவென்றால், அரபியில் அக்குளுக்கு "இப்ட்" என்று பெயர். வெறும் "பட்" என்றால் வாத்து!

கை, அக்குள், வாத்து. உங்கள் ஓட்டு எதற்கு? கமெண்டில் போடுங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும்.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016இல் நட்சத்திரப் பெயர்களை முறைப்படுத்தியபோது, திருத்தம் எதுவும் இல்லாமல் பீட்டல்ஜூஸையே அதிகாரப்பூர்வமாக்கியது. நியாயம்தான்; இத்தனை நூற்றாண்டு புழங்கிய பெயரை யார் மாற்றுவது? அதே ஓரியனில் உள்ள ரைகல் பிழைத்தது: "ரிஜ்ல்", பாதம். சேதாரம் கம்மி.

பிப்ரவரியில் இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், சிவப்பாகத் தெரியும்.

அடுத்த வீடியோ அல்கோல்: "ரஃஸ் அல்-கூல்", பேயின் தலை. மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒவ்வொரு முறையும் மங்கி, மறுபடி பளிச்சென்று ஆகும் நட்சத்திரம்.