சட்டைக்கடையை மூடலாம், பீரோவில் கை வைக்கக் கூடாது

நடுவர் அவர்களே, "கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனங்கள் பழைய விண்டோஸைக் கைவிடுவது நியாயமே" என்ற எதிரணியின் நண்பர், விளையாட்டை ஒவ்வொரு பழைய விண்டோஸிலும் ஓட்டிச் சோதித்துப் பார்க்க ஆளுக்கும் காசுக்கும் எங்கே போவது என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டே 2014-இல் கையை விரித்துவிட்டது. அதில் இன்றைய புது விளையாட்டு ஓட வேண்டும் என்று எங்கள் அணியில் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது, காசு கொடுத்து வாங்கி நேற்று வரை ஓடிய விளையாட்டைப் பற்றி. ஹாஃப்-லைஃப் 2 என்று ஒன்று, வால்வ் நிறுவனம் 2004-இல் வெளியிட்டது, அன்றைக்கு எக்ஸ்பியில் ஜம்மென்று ஓடியது. ஆனால் கடையில் டிஸ்க்காக வாங்கினாலும் அந்த நிறுவனத்தின் ஸ்டீம் என்ற விளையாட்டுக்கடை மென்பொருளை நிறுவி, அதில் கணக்குத் தொடங்கினால்தான் உள்ளேயே விடும். சரி, தொடங்கினோம். 2019 ஜனவரி 1 முதல் எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் ஸ்டீம் கிடையாது என்றார்கள். 2024 ஜனவரி 1-இல் விண்டோஸ் 7, 8, 8.1-க்கும் அதே கதி. காரணம் என்ன தெரியுமா? ஸ்டீமுக்குள் கூகுள் குரோமைப் பொதிந்து வைத்திருக்கிறார்களாம், அந்தக் குரோம் பழைய விண்டோஸில் ஓடாதாம். விளையாட்டில் கோளாறே இல்லை, நடுவர் அவர்களே! கடையின் கண்ணாடிக் கதவை மாற்றினார்கள், அதற்காக என் வீட்டுச் சாவி செல்லாது என்கிறார்கள்.

சட்டை வாங்கிய கடையை மூடட்டும், அது அவர்கள் பாடு; என் பீரோவில் தொங்குகிற சட்டையை வந்து எடுத்துக்கொண்டு போவார்களா?

அப்புறம், "முடியாது" என்கிறார்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு. விளையாட்டுகள் படம் காட்டப் பயன்படுத்துகிற டைரக்ட்எக்ஸ் 12 என்ற மென்பொருள் விண்டோஸ் 10-இல்தான் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019 மார்ச்சில் பார்த்தால், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்காக அதையே விண்டோஸ் 7-க்குக் கொண்டுவந்து கொடுத்தது, அதற்குள் விண்டோஸ் 7-க்குப் பத்து வயது ஆகப்போகிறது. ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள், வழி தானாகப் பிறந்தது.

பாதுகாப்பு என்றார் இன்னொரு நண்பர், பழைய விண்டோஸில் இன்டர்நெட் போனால் ஆபத்து என்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு இன்டர்நெட் எதற்கு? அதைக் கட்டாயமாக்கியது யார், நானா?

புதிய விண்டோஸுக்கு மாறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கம்ப்யூட்டரை முறைப்படி ஏற்காது, ஆக மாறுவது என்றால் பலருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது. ஐந்நூறு ரூபாய் விளையாட்டைக் காப்பாற்ற ஐம்பதாயிரமா?

ஜிஓஜி என்ற கடை, விளையாட்டின் நிறுவுகோப்பையே நம் கையில் கொடுத்துவிடுகிறது. பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு அவர்கள் எந்தக் கதவை மாற்றினாலும் நமக்குக் கவலையில்லை. மற்றவர்களும் கைவிடுகிற அன்றைக்கு, பழைய விண்டோஸில் கடைசியாக ஓடிய பதிப்பைப் பூட்டில்லாமல் கொடுத்துவிட்டுப் போகட்டும், நாங்கள் வாயே திறக்க மாட்டோம். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.