இருமினால் சிறுநீர் கசிகிறதா? அடித்தசைக்கு வேலை கொடுங்கள்

(திரையில்: பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டி)

வெளியூர் போக வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். கேட்டால், “வயசானா அப்படித்தான்மா” என்பார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. பயிற்சியால் பலருக்கு இந்தச் சிறுநீர்க் கசிவு நன்றாகவே குறைகிறது.

(திரையில்: இடுப்புக்கூட்டின் படம்)

முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, ஒரு தூளியைப் போல, சில தசைகள் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கின்றன. இவைதான் அடித்தசைகள். பிரசவம், மாதவிடாய் நிற்பது, தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் எடை எல்லாம் சேர்ந்து இவற்றைத் தளர்த்துகின்றன. இவற்றை வலுவாக்கும் பயிற்சியை 1948-இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னல்டு கீகல். அதனால்தான் இதற்குக் கீகல் பயிற்சி என்று பெயர்.

சரி, எந்தத் தசை? நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அதை இறுக்குங்கள். கூடவே சிறுநீரையும் அடக்குவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக்கூடாது. வாய்விட்டு எண்ணுங்கள்; எண்ண முடியவில்லை என்றால் மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிவிடுகிறார்கள். அது கெடுதல். சந்தேகமிருந்தால் பெண்களுக்கான பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை பிடியுங்கள், போகப்போக 10 விநாடி வரை. அதே அளவு ஓய்வு. ஒரு வேளைக்கு 8 முறை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். உட்காருவது கஷ்டமென்றால் படுத்துக்கொண்டே செய்யலாம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம்.

(திரையில்: தும்மலுக்கு முன் நிமிர்ந்து உட்காரும் பெண்)

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த உத்தி: இருமலோ தும்மலோ வருவது தெரிந்ததும் முதலில் இறுக்குங்கள், பிறகு இருமுங்கள். லேசான கசிவுள்ள வயதான பெண்களுக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது குறைந்ததென்று 1998-இல் எழுதினார்கள். குடத்தைத் தூக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் இதையே செய்யலாம்.

சிலருக்குச் சிக்கல் வேறு. வாசல் பூட்டில் சாவியைப் போடும்போதே முட்டிக்கொண்டு வரும். அப்போது ஓடாதீர்கள்; வயதான காலத்தில் விழுவதும் அந்த ஓட்டத்தில்தான். நின்று, ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். அவசரம் தணிந்ததும் நிதானமாகப் போங்கள். மணிக்கொருமுறை போகிறவர்கள் இடைவெளியைக் கால் மணி நேரம் கூட்டுங்கள், அது பழகியதும் இன்னொரு கால் மணி.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலாகும். காபி, டீயைக் குறைத்துப் பார்க்கலாம்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு இருந்தால் பயிற்சிக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் கால் மரத்துப்போய்ச் சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே போய்விட வேண்டும்.