கேள்வியில் இல்லாத கல்யாணம்

(மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், மைக் மக்கர் பண்ணிய இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்து, போதாததற்குச் சுக்குக் காப்பியும் கொடுத்த அரிசி ஆலை முதலாளி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். வட்டாட்சியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தூக்கம் வராது. இதே ஊர்த் தெருவிளக்கில் படித்து, இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, வட்டாட்சியர் நாற்காலி வரை போனவர். ஓய்வுபெற்ற பிறகும் நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தை ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துக் கொடுக்கிறார். எழுந்து நில்லுங்கள் ஐயா, பிள்ளைகள் பார்க்கட்டும். (கைதட்டல்.) நூலகர் தம்பியை மேடைக்குக் கூப்பிட்டோம், கூச்சப்பட்டுக்கொண்டு பின் வரிசையில் நிற்கிறார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். ஒன்று, கூற்றுகளிலிருந்து முடிவு காணும் கேள்விகளைப் பழகுவது எப்படி. இரண்டு, உறவுமுறைக் கேள்விகளும் புதிர்களும். மூன்று, தேர்வு அறையில் நேரத்தைப் பங்கு போடுவது. என்னிடம் படித்தவர்களுக்கு நான் எதில் தொடங்குவேன் என்று தெரியும். (பிள்ளைகள்: "பதறாத காரியம் சிதறாது!") ஆமாம், அதேதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் 25 கேள்வி திறனறிவுப் பகுதி. விகிதம், வட்டி, பரப்பளவு எல்லாம் அந்த 25-க்குள்தான். தருக்கமும் புதிரும் பகடையும் எண் வரிசையும் அதற்குள்தான். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். குரூப் 1 முதல்நிலைத் தேர்விலும் அதே 25. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் கதை வேறு. அங்கே இதற்கென்றே இரண்டாவதாக ஒரு தாள், சிசாட் என்பார்கள், 2011-இல் வந்தது. 80 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 2015-இலிருந்து அதில் 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. "சேராதுதானே சார்" என்று இதை ஓரங்கட்டிவிட்டு முதல் தாளான பொது அறிவையே உருப்போடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இதில் 66 வரவில்லை என்றால் முதல் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வெளியேதான். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு வேறு. ஆனால் கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். 27 கேள்வியைத் தப்பில்லாமல் போட்டால் 67.5 ஆகிவிடுகிறது. எண்பதில் இருபத்தேழு! மற்றதைத் தொடாமல் வந்தால்கூடக் கரையேறிவிடலாம். பதறாத காரியம் சிதறாது.

இப்போது ஒரு சங்கதி. ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திண்ணையில் நான் வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். போன தை மாதம் பலகையில் எழுதினேன்: "எல்லா மல்லிகையும் மணக்கும். மணக்கிறவற்றில் சில விலை கூடியவை. எனவே, சில மல்லிகைகள் விலை கூடியவை. இந்த முடிவு சரியா?" பாதி வகுப்பு சரி என்று கை தூக்கியது. நான் தப்பு என்றேன். உடனே ஒரு பொண்ணு எழுந்துவிட்டது. அதன் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கிறார். விடியற்காலை முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்க் கொள்முதல் செய்துகொண்டு வருபவர். "சார், நேத்து மல்லிகை கிலோ மூவாயிரம் சார்! விலை கூடியது இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறது. பின்னால் ஒருவன், "பனி விழுந்தா வரத்து இருக்காது சார்" என்கிறான். இன்னொருவன், "அதுல முகூர்த்த நாள் வேற" என்கிறான். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கின பூ என்று ஒருவன் பொது அறிவைக் கொட்டுகிறான். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை, சந்தைதான் நடந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவே வந்துவிட்டார். கூந்தலில் பூ இல்லை, கையில் பூ நார். "ஏன் சார், மல்லிகை விலை எம்புள்ளைக்குத் தெரியாதா? தப்புப் போட்டீங்களாமே?" உட்காருங்கள் அக்கா என்று பெஞ்சைக் காட்டினேன். மார்க்கெட்டில் உங்களை யாரும் ஏமாற்றுவதில்லையா என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "இன்னிக்கு ஒருத்தன் பார்த்தான் சார். இப்பத்தான் பறிச்சு வந்தது அக்கான்னான். விடியக்காலம் பறிச்ச மொட்டு சாயந்திரம்தான வாய் திறக்கும்? அவன் சாக்குல காலையிலயே விரிஞ்சு கெடக்கு. அப்ப அது நேத்துப் பூ. பாதி விலைக்குக் குடுன்னேன், குடுத்துட்டான்."

நான் சாக்பீஸை எடுத்தேன். "இன்று பறித்தது என்றால் காலையில் விரிந்திருக்காது. விரிந்திருக்கிறது. எனவே இன்று பறித்தது இல்லை." வகுப்பு கப்சிப். அப்புறம் அக்காவிடம் கேட்டேன், "சரி, விரியாத மொட்டு ஒன்றைக் காட்டினால், அது இன்றைக்குப் பறித்ததுதான் என்று அடித்துச் சொல்வீர்களா?" "அதெப்படிச் சொல்ல முடியும்? ஐஸ் பெட்டியில வச்சிருந்தான்னா?" என்றார் பட்டென்று. தேர்வு எழுதப் போகிறவர்களில் பாதிப் பேர் விழுகிற குழி அது. அக்கா பார்த்த மாத்திரத்தில் தாண்டிவிட்டார். அந்த நிமிடம் மகள் எழுந்து, "சார், மணக்கிறதுல விலை கூடினதுன்னு கேள்வியில சொன்னது சந்தனக் கட்டையா இருக்கலாம். அது மல்லிகைதான்னு கேள்வி சொல்லலை" என்றது. (கைதட்டல்.) மல்லிகை விலை கூடியது என்பது நிஜம். ஆனால் அந்த நிஜம் அந்த இரண்டு கூற்றுகளிலிருந்து வரவில்லை. தெரிந்ததைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கத் தெரிய வேண்டும், பழக்கம் என்று நான் சொல்வது அதைத்தான்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்காதீர்கள். மணிமேகலையில் 29-ஆம் காதையைப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் பார்க்கிறோமே அதுபோல என்று பக்கம் (சொல்ல வருகிற முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எல்லாம் பிரித்து வைத்திருக்கிறார் சாத்தனார். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார்! தானியம் விற்றவர். நம் பூக்கடை அக்காவுக்கு அவர் பக்கத்துக் கடைக்காரர்.

என் பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதறாத காரியம் சிதறாது. ஒரு காரியம் சிதறிவிட்டது என்றால், யாரோ பதறியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டலாமா? கட்டலாம். பதறிய காரியம் எல்லாம் சிதறும் என்று சொல்லலாமா? பழமொழி அப்படிச் சொல்லவே இல்லை. பதறிப் போட்டும் சில நேரம் பலித்துவிடும். அதை நம்பி அடுத்த தடவையும் பதறுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். தினம் நான்கு கூற்றுக் கேள்வி போதும். விடையைக் குறிப்பதற்கு முன்னால், இந்த முடிவு பொய்யாகிற மாதிரி ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த முடிவு நிற்காது. சந்தனக் கட்டை செய்த வேலை அதுதான்.

இரண்டாவது, உறவுமுறை. இதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம். "ரவி என் அம்மாவின் தம்பி. ரவியின் மகள் எனக்கு என்ன உறவு?" என்று கேட்டால் ஒருவன், "கட்டிக்கிற முறை சார்" என்கிறான். (சிரிப்பு.) முறைதான்டா தம்பி, யார் இல்லை என்றது? மாமன் மகளைக் கட்டினால் மாமனே மாமனார் ஆகிவிடுவார். கேள்வி போட்டவருக்கு அது தெரியாது. கேள்வியில் இல்லாத கல்யாணத்தை நீங்கள் நடத்தி வைக்காதீர்கள். தாளின் ஓரத்தில் குடும்பப் படம் போடுங்கள். தலைமுறைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். புதிருக்கும் கட்டம் போட்டே ஆக வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டுகிறேன்.

பூக்கடைக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன்? அந்தப் பொண்ணுக்குக் கணக்குப் புரிந்தது நான் தப்பு என்று சொன்னதால் இல்லை. வகுப்பு மல்லுக்கு நின்றது, அம்மா வந்து மல்லுக்கு நின்றார், அதனால் புரிந்தது. தருக்கம் பழக எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். விடைப் புத்தகம் எதிர்த்துப் பேசாது. செல்போனில் பார்க்கிற காணொளியும் பேசாது. ஆள் கூட வேண்டும் என்றால் இடம் வேண்டும். பள்ளித் திண்ணை ஞாயிறு மட்டும்தான். மற்ற நாள்? ஜவுளிக்கடை, செல்போன் கடை, மில் என்று வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்க ஏழரை ஆகிறது. நூலகம் ஏழு மணிக்குப் பூட்டு. நூலகர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாகத் திறந்து, கூட்டி, அடுக்கி, பூட்டுகிறார்.

மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அருமையான இடம், போய்ப் பாருங்கள். ஆனால் வேலை முடிந்து எட்டு மணிக்கு அங்கே போய்ப் படித்துவிட்டு எந்தப் பொண்ணு, எந்த பஸ்ஸில் ஊர் திரும்பும்? நம் நூலகத்தை ராத்திரி ஒன்பதரை வரை திறந்து வைக்க வேண்டும். ஒரு கரும்பலகை, இரண்டு பெஞ்சு, ஒரு பகுதி நேர ஆள். இவ்வளவுதான் கேட்கிறோம்.

பணம் எங்கே என்பார்கள். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். வீட்டு வரி கட்டுகிற எல்லோரும் நூலக வரி கட்டுகிறார்கள். நீங்கள் எல்லோரும் வீட்டு வரி கட்டுகிறீர்கள். கட்டாதவர்கள் இப்போது தலைவர் அம்மா பக்கம் திரும்பாதீர்கள். (சிரிப்பு.) எனவே நீங்கள் எல்லோரும் நூலக வரி கட்டுகிறீர்கள். அதனால் நூலகம் ராத்திரி திறந்திருக்கும் என்று முடிவு வருமா? முன் வரிசையில் ஒரு பையன் வராது என்று தலையாட்டுகிறான். சபாஷ், வராது. அதற்குத்தான் மனு எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. நேரத்தைப் பங்கு போடுவதைப் பற்றிப் பேச வந்தவன் நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று வட்டாட்சியர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு மாவட்ட நூலக அலுவலருக்குப் போகிறது. ஊராட்சித் தீர்மானத்தையும் உடன் இணைக்கலாம் என்று தலைவர் அம்மா இப்போதுதான் காதில் சொன்னார், அவருக்கு ஒரு கைதட்டல். (கைதட்டல்.) வாசலில் மேசை போட்டிருக்கிறது. பெயர், தெரு, வீட்டு வரி ரசீது எண். எண் மனப்பாடமாக இல்லாதவர்கள் கையெழுத்தை இப்போது போட்டுவிட்டு, எண்ணை நாளைக்குள் நூலகர் தம்பியிடம் கொடுங்கள், ஏழு மணிக்கு முன்னால். வணக்கம்.